நாடி நின்றது, இதயம் நிற்கவில்லை

1935-ல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர், கையோடு எடுத்துச் செல்லக்கூடிய இசிஜி கருவி ஒன்றுடன் இந்தியாவுக்கு வந்தார். யோகிகள் நினைத்த மாத்திரத்தில் தங்கள் இதயத்தை நிறுத்திக் காட்டுகிறார்கள் என்று ஐரோப்பாவில் அப்போது பேச்சு இருந்தது. அது உண்மைதானா என்று கருவி வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் சோதித்தவர்களில் ஒருவர் மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்திக்கொண்டிருந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார். புரோஸ் கொண்டுபோன பதிவுகளுள் ஒன்றில் இசிஜியின் மேடு பள்ளங்கள் சுருங்கிச் சுருங்கி ஏறத்தாழ நேர்கோடாகியிருந்தன. 1946-ல் அது அச்சில் வந்தது. இதயம் நின்றதற்கு அறிவியல் சாட்சி கிடைத்துவிட்டது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

1957-ல் வேறொரு குழு புறப்பட்டது. அமெரிக்காவிலிருந்து மரியன் வெங்கர், பாசு குமார் பாக்சி. டெல்லி எய்ம்ஸிலிருந்து பி.கே. ஆனந்த். பாக்சியின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. சுவாமி தீரானந்தர் என்ற பெயரில் பரமஹம்ச யோகானந்தரோடு அமெரிக்காவில் துறவியாகப் பணியாற்றிவிட்டு, காவியைக் கழற்றிவைத்து, மூளை மின்னலைகளை ஆராயும் விஞ்ஞானியானவர் அவர். இப்படிப்பட்ட ஒருவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதயத்தை நிறுத்துவதாகவோ அதன் வேகத்தைக் குறைப்பதாகவோ சொன்ன நான்கு பேரைக் குழு சோதித்தது. அவர்களுள் கிருஷ்ணமாச்சாரியாரும் இருந்தார். அதற்குள் அவர் மதராஸுக்குக் குடிவந்திருந்தார். வயது அறுபதுகளின் பிற்பகுதி. வயதைச் சொல்லித் தயங்கியவர், பிறகு செய்து காட்டினார்.

1961-ல் ‘சர்குலேஷன்’ என்ற இதயவியல் இதழில் முடிவு வெளியானது. மணிக்கட்டில் நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் இதய ஒலி கேட்கவில்லை. ஆனால் இசிஜியில் துடிப்பு ஒன்று விடாமல் விழுந்துகொண்டிருந்தது. நடந்தது இதுதான். மூச்சை உள்ளே இழுத்து, தொண்டையை அடைத்து, மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரைகள் மெல்லிய சுவர் கொண்டவை. அவை நசுங்கிவிடுகின்றன. வரத்து குறைந்த கிணற்றில் இறைக்கும் கமலை போல, இதயம் இயங்கினாலும் வெளியே தள்ள அதனிடம் ரத்தம் போதவில்லை. அதனால் நாடி மங்குகிறது. இறுகிய தசைகள் எழுப்பும் இரைச்சலில் இதய ஒலியும் அமுங்கிப்போகிறது.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படித்தார்கள். நம்பாதவர்கள், ‘பித்தலாட்டம் வெளிப்பட்டது’ என்றார்கள். நம்பியவர்கள் புரோஸின் பழைய தாளையே காட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு வாசிப்பு உண்டு. சொன்னது நடக்கவில்லை, ஆனால் ஏதோ ஒன்று நடந்தது. தானாக இயங்குவது என்று பாடநூல் சொல்லும் ஒரு மண்டலத்துக்குள், மூச்சு என்ற பக்கவாசல் வழியாக ஒருவர் நுழைந்து அதன் இயக்கத்தைப் பெருமளவு மாற்றிவிட்டார். உரிமை கோரியதைவிட அது சிறியது. பாடநூல் அனுமதித்ததைவிடப் பெரியது. உடலையும் மனதையும் சேர்த்துத் தொடும் சிகிச்சைகள் ஆய்வகத்துக்குள் போன போதெல்லாம், யோகாவானாலும் தியானமானாலும் அக்குபங்சரானாலும், பெரும்பாலும் இதே அளவிலான விடையைத்தான் வாங்கி வந்திருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த அளவைப் பற்றியது.

ஆய்வகத்துக்குப் போகும் யோசனை வெளிநாட்டிலிருந்துதான் வந்தது என்று நினைக்க வேண்டாம். புரோஸ் வருவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1924-ல், லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமத்தைத் தொடங்கியிருந்தார். அதே ஆண்டு ‘யோக மீமாம்ஸா’ என்ற இதழையும் தொடங்கினார். எக்ஸ்ரேயும் அழுத்தமானியும் ஒரு ஆசிரமத்துக்குள் வந்தன. வயிற்றுத் தசைகளைச் சுழற்றும் நௌலிப் பயிற்சியைச் செய்யும்போது பெருங்குடலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்குகிறது என்பதை அவர் அளந்து காட்டினார். தண்ணீரைக் குடல் தானே உறிஞ்சிக்கொள்வதாகச் சொல்லப்பட்டது மாயம் அல்ல, வெற்றிட அழுத்தம்தான் காரணம் என்றார். அந்த வெற்றிடத்துக்குத் தன் குருவின் பெயரை வைத்து ‘மாதவதாஸ் வெற்றிடம்’ என்று அழைத்ததில் விஞ்ஞானியும் சீடரும் ஒரே ஆளாக இருந்தது தெரிகிறது. காந்தி தம் ரத்த அழுத்தத்துக்காக இவரிடம் ஆலோசனை கேட்டு 1927-ல் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்.

சரி, மூச்சு என்ற பக்கவாசல் உண்மையில் எங்கே திறக்கிறது? இதற்கு எனக்குப் பிடித்த சோதனை 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இத்தாலியரான லூசியானோ பெர்னார்டியும் உடனிருந்தோரும் ஆரோக்கியமான 23 பேரைக் கொண்டு செய்தது. ஒரு முறை லத்தீனில் கத்தோலிக்க ஜெபமாலையைச் சொல்லச் சொன்னார்கள். இன்னொரு முறை ‘ஓம் மணி பத்மே ஹும்’. இரண்டு வேறு மதம், வேறு மொழி. ஆனால் சொல்லி முடிக்கும் நேரத்தில் மூச்சு இரண்டிலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்று வந்து நின்றது. சாதாரணமாக நாம் விடுவது நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது.

ஆறு என்ற எண்ணில் ஒரு விஷயம் இருக்கிறது. ரத்த அழுத்தம் தானாகவே பத்து வினாடிக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்கும். கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கவனித்து, வேகஸ் நரம்பு வழியாக இதயத்தின் வேகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. மூச்சும் பத்து வினாடிக்கு ஒன்று என்றாகும்போது இந்த இரண்டு அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஊஞ்சலை அது ஆடும் தாளத்திலேயே தள்ளினால் சின்ன விசைக்கே உயரப் போவதைப் போல, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. அழுத்த உணரிகளின் கூர்மை கூடுகிறது. பெர்னார்டி குழு அளந்தது இதைத்தான். மந்திரத்தின் பொருள் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. பக்தருக்கு இது வருத்தமாக இருக்கலாம். இரு மதத்தாரும் கருவி இல்லாமலே ஒரே எண்ணில் போய் நின்றதை நினைத்தால் எனக்கு வியப்புதான் மிஞ்சுகிறது.

இதை நோயாளிகளிடம் கொண்டுபோனவர்களில் சந்திரா படேலை மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவராக இருந்த இந்திய வம்சாவளிப் பெண்மணி. 1973-ல் ‘லான்செட்’ இதழில், உயர் ரத்த அழுத்தம் உள்ள 20 பேருக்கு யோக முறைத் தளர்வுப் பயிற்சியையும், உடலின் நிலையை ஒலியாகக் காட்டும் பயோஃபீட்பேக் கருவியையும் சேர்த்துக் கொடுத்த அனுபவத்தை எழுதினார். ஐந்து பேருக்கு மாத்திரையை முற்றிலும் நிறுத்த முடிந்தது. இருபது பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். படேலுக்கும் அது தெரியும். 1975-ல் சீட்டுக் குலுக்கிப் பிரித்த 34 பேரைக் கொண்டு மறுபடி செய்து பார்த்தார். விளைவு தாங்கி நின்றது.

மனநோய்ப் பக்கம் வந்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ். 2000-ல் அங்கே தீவிர மனச்சோர்வு நோயோடு அனுமதிக்கப்பட்ட 45 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மின்அதிர்வுச் சிகிச்சை, ஒன்றுக்கு இமிப்ரமின் மாத்திரை, ஒன்றுக்கு சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சி. நான்கு வாரம் கழித்து நோய் தணிந்தவர்கள் முறையே 93, 73, 67 சதவீதம். இந்த மூன்றாவது எண் பல துண்டறிக்கைகளில் ‘மாத்திரைக்கு நிகர்’ என்று இடம்பெறுவதைப் பார்த்திருக்கலாம். முதல் எண்ணை அந்தத் துண்டறிக்கைகள் அச்சிடுவதில்லை. ஒரு பிரிவுக்குப் பதினைந்தே பேர் என்பதையும் சொல்வதில்லை. பதினைந்து பேரில் ஒருவர் இப்படியோ அப்படியோ போனாலே கிட்டத்தட்ட ஏழு சதவீதம் நகர்ந்துவிடும். அந்த ஆய்வாளர்களே மின்அதிர்வுச் சிகிச்சைதான் மேல் என்று நேர்மையாக எழுதியிருந்தார்கள்.

இங்கே நிறுத்தி, பெரும்பாலான ஆரோக்கியப் பக்கக் கட்டுரைகள் கேட்காமல் விடும் கேள்வியைக் கேட்க வேண்டும். குணம் தெரிந்தது என்றால், எதோடு ஒப்பிட்டு?

எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடி யோகா வகுப்பு நடக்கிறது. காலை ஐந்தே முக்காலுக்குப் பாய் விரிப்பார்கள். இடுப்புவலிக்காக நானும் சில மாதம் போனேன். அங்கே அறுபதைத் தொட்ட ஓர் அம்மா, மூட்டுவலி போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். “எந்த ஆசனத்துலம்மா போச்சு?” என்று கேட்டேன். “அதெல்லாம் யாருக்குத் தெரியும் தம்பி, இங்க வந்தா நாலு பேர் மூஞ்சியப் பாக்கறேன், ராத்திரி தூக்கம் வருது” என்றார். அவர் சொன்னதில் ஒரு முழு ஆய்வுத் திட்டமே அடங்கியிருக்கிறது. ஆசனமா, நடமாட்டமா, நான்கு முகங்களா, தூக்கமா? பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் ஆசனம் மட்டும் இல்லாத, மற்ற எல்லாம் உள்ள ஒரு வகுப்பு வேண்டும்.

அப்படி ஒரு வகுப்பை வாஷிங்டன் மாநிலத்தில் கேரன் ஷெர்மன் குழு நடத்தியது. 2011-ல் முடிவு வந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 228 பேர். ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு வாரம் யோகா. இன்னொன்றுக்கு அதே கால அளவில் சாதாரணத் தசை நீட்டல் வகுப்பு. மூன்றாவதற்கு வலியைச் சமாளிப்பது பற்றிய ஒரு புத்தகம். அவர்கள் தேர்ந்தெடுத்த யோகா ‘விநியோகா’. கிருஷ்ணமாச்சாரியாரிடமிருந்து அவர் மகன் தேசிகாச்சார் வழியாக அமெரிக்கா போன முறை. ஆக மைசூரில் இசிஜிக்கு உட்பட்டவரின் வித்தை, முக்கால் நூற்றாண்டு கழித்து இன்னும் கடுமையான ஒரு சோதனைக்கு வந்து நின்றது. யோகா புத்தகத்தை வென்றது. தசை நீட்டலும் புத்தகத்தை வென்றது. யோகாவுக்கும் தசை நீட்டலுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

அக்குபங்சரில் இந்த ஒப்பீடு இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் ஊசியைப் போலியாகவும் குத்தலாம். ஜெர்மனியில் 1162 இடுப்புவலி நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய சோதனை 2007-ல் வெளிவந்தது. மரபு சொல்லும் புள்ளிகளில் ஆழமாகக் குத்திய பிரிவில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் கழித்தும் குணம் இருந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திய பிரிவில் 44.2. மாத்திரை, பிசியோதெரபி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4. முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்கது அல்ல. அதாவது எந்தப் புள்ளி என்ற, பல நூற்றாண்டாகக் கற்பிக்கப்பட்ட, வரைபடம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்ட அந்த ஞானம் இங்கே வேலை செய்யவில்லை. ஆனாலும் இரண்டு ஊசிகளும் வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் தந்தன. ஜெர்மன் காப்பீட்டு அமைப்பு நடைமுறைக்காரர்களின் முடிவையே எடுத்தது: நாள்பட்ட இடுப்புவலிக்கும் முழங்கால் வலிக்கும் அக்குபங்சருக்குப் பணம் தரத் தொடங்கியது.

போலி ஊசி ஏன் வேலை செய்கிறது? ஹார்வர்டின் டெட் கப்ச்சுக் 2008-ல் இதையே குடைந்தார். ஐபிஎஸ் என்ற குடல் உபாதை உள்ள 262 பேர். ஒரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை, காத்திருக்கச் சொன்னார்கள். இன்னொன்றுக்குப் போலி ஊசி, ஆனால் குத்துபவர் வேண்டிய அளவுக்கு மேல் பேசமாட்டார். முதல் சந்திப்பு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாவதற்கும் அதே போலி ஊசி. ஆனால் முதல் சந்திப்பு நாற்பத்தைந்து நிமிடம். உட்காரவைத்து, எப்போது ஆரம்பித்தது, வீட்டில் எப்படி, வேலையில் எப்படி என்று கேட்டு, பரிவோடு பேசி, நம்பிக்கை சொல்லி அனுப்புவார்கள். மூன்று வாரம் கழித்துப் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 28, 44, 62 சதவீதம். ஊசி இரண்டிலும் பொய். கூடுதலாகக் கிடைத்த பதினெட்டு சதவீதத்தையும் வாங்கித் தந்தது காதுகொடுத்துக் கேட்ட ஒரு மனிதர்.

இதோடு இன்னொரு எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். 67 நாடுகளில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கும் சராசரி நேரத்தைத் திரட்டிய ஆய்வு 2017-ல் வந்தது. சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம். வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியாவில் இரண்டு நிமிடத்தை ஒட்டி. டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்து, உட்காரும் முன்பே மருந்துச் சீட்டு எழுதப்பட்டுவிடும் அனுபவம் நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாற்று சிகிச்சை மையத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசுகிறார்கள் என்பதற்காகவே அங்கே போகிறவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று மருத்துவ நண்பர்கள் கேலி செய்யும்போது, அந்தக் கூட்டத்தில் பாதியை அனுப்பி வைத்ததே நீங்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் பரிவு வலியைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. வலி, பதற்றம், தூக்கமின்மை, குடல் உபாதை எல்லாம் நரம்பு மண்டலம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்குபவை. அடைபட்ட ரத்தக்குழாயும் பெருகும் செல்லும் அப்படி அல்ல. இந்த எல்லைக்கோட்டில்தான் யோகாவுக்கு நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய பரீட்சையை வைத்துப் பார்க்க வேண்டும். மாரடைப்பு வந்து பிழைத்த 3959 பேர், 24 மருத்துவமனைகள். தொரைராஜ் பிரபாகரனும் சஞ்சய் கின்ராவும் முன்னின்று நடத்திய ‘யோகா-கேர்’ சோதனை. ஒரு பாதிக்குப் பன்னிரண்டு வாரத்தில் பதின்மூன்று யோகா வகுப்புகள். மறுபாதிக்கு மூன்று முறை அறிவுரை. 2020-ல் முடிவு: மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம், அவசர அனுமதி எல்லாம் சேர்த்து யோகா பிரிவில் 6.7 சதவீதம், மற்றதில் 7.4. உறுதியாகச் சொல்லிவிடக்கூடிய வேறுபாடு அல்ல. அதே சமயம் யோகா பிரிவினர் தங்கள் உடல்நிலையை ஓரளவு மேலாக மதிப்பிட்டார்கள். நோய்க்கு முந்தைய வேலைகளுக்குத் திரும்பியதிலும் முந்தினார்கள்.

பத்து வகுப்புக்குக் குறையாமல் ஒழுங்காக வந்தவர்களை மட்டும் எடுத்தால் ஆபத்து கணிசமாகக் குறைந்திருந்தது என்பதை யோகா ஆர்வலர்கள் சுட்டிக்காட்டுவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. மாரடைப்புக்குப் பிறகு பத்து முறை எழுந்து வகுப்புக்கு வர முடிந்தவர், ஏற்கெனவே தெம்பு உள்ளவர். மாத்திரையையும் ஒழுங்காகப் போடுபவர். காரணம் எது, விளைவு எது என்பது அங்கே கலங்கிவிடுகிறது.

தியானத்தின் வரலாறும் இதே கோட்டில்தான் போகிறது. 1979-ல் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-ஜின், மருத்துவர்கள் கைவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கினார். பௌத்தத் தியானத்திலிருந்து பௌத்தத்தைக் கழித்தது போன்ற ஒன்று. அந்த வகுப்பு பதற்ற நோய்க்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரையைவிட மோசமில்லை என்று 276 பேர் சோதனை 2022-ல் காட்டியது. பக்கவிளைவும் மாத்திரையைவிடக் குறைவு. அதே 2022-ல் பிரிட்டனிலிருந்து வேறு செய்தி. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களுக்கு வகுப்பறையில் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற இதே வகைத் தியானத்தைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் பலன் தென்படவில்லை. வீட்டில் பயிற்சி செய்த பிள்ளைகளே அரிது. பதற்றத்தால் தவித்து, தானே தேடி வந்து, தினம் முக்கால் மணி நேரம் உட்காரும் பெரியவரும், மூன்றாவது பீரியடில் கண்ணை மூடச் சொல்லப்பட்ட பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே மருந்தை உண்பதாகச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட சிகிச்சைகளில் நோயாளிதான் பாதி மருந்து.

‘பிராண சக்தி கையில் படுகிறது’ என்ற வகைச் சிகிச்சைகளுக்கு நிறைய இடம் ஒதுக்க வேண்டியதில்லை. எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் செய்த சோதனையே போதும். தொடாமலே ஆற்றலை உணர்வதாகச் சொன்ன 21 சிகிச்சையாளர்களை அட்டைத் தடுப்பின் துளைகளில் கை நீட்டச் சொன்னாள். அவர்களுடைய எந்தக் கைக்கு மேல் தன் கையை வைத்திருக்கிறாள் என்பதுதான் கேள்வி. 280 முயற்சிகளில் 44 சதவீதம் சரி. காசு சுண்டினால் ஐம்பது கிடைத்திருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவ சங்க இதழ் அதை வெளியிட்டது.

இதில் சிரிப்பு அடங்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ‘தொடுசிகிச்சை’ என்ற பெயரில் ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு, எல்லா மருந்தையும் நிறுத்து, பரிசோதனையே செய்யாதே, காய்ச்சலும் கட்டியும் கழிவு வெளியேற்றம் என்று சொல்கிற சிலர் இருக்கிறார்கள். என் உறவில் ஒருவர் இந்தப் பேச்சை நம்பி இன்சுலினை நிறுத்தி, நினைவிழந்த நிலையில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டார். பிழைத்தார். 2018-ல் யேல் ஆய்வாளர்கள், குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தும் மாற்று சிகிச்சையை மட்டுமே நம்பிய 281 புற்றுநோயாளிகளின் கதியைப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இறப்பு ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். தொடுதல் யாரையும் கொல்வதில்லை. ‘நிறுத்து’ என்ற சொல் கொல்கிறது.

கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் கழித்த கடைசி முப்பத்துச் சொச்ச ஆண்டுகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. மைசூர் காலத்தில் அவர் மாணவர்களை வைத்து மேடைக் காட்சிகள் நடத்தியவர். இதயத்தை நிறுத்துவதாகக் காட்டியதும் அந்தக் காலத்தின் பாணிதான். சென்னையில் அது மெல்ல உதிர்ந்துவிட்டது. கூட்ட வகுப்பு குறைந்து, வந்தவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பது என்றாகியது. ஒருவருக்குக் கொடுத்த பயிற்சியை அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்ய முடிந்தவருக்கு நாற்காலி, மூச்சு மட்டும் போதுமானவருக்கு மூச்சு மட்டும். 1976-ல் மகன் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்தத் தனிச் சந்திப்பைத்தான் நிறுவனமாக்கியது. அதைச் சோதனைக்கு உட்படுத்துவது கடினம். 228 பேருக்கு ஒரே பாடத்திட்டம் என்றால்தான் ஆய்வாளரால் எண்ண முடியும். ஷெர்மனின் சோதனையில் தசை நீட்டலோடு சமன் ஆனது விநியோகாவின் ஆசனங்கள். தனித்தனியாகக் கேட்டுத் தனித்தனியாகக் கொடுப்பது என்ற அதன் மறுபாதி அந்தச் சோதனைக்குள் வரவே இல்லை. கப்ச்சுக்கின் மூன்றாவது பிரிவைப் பார்த்தவருக்கு, எடை கூடிய பாதி எதுவாக இருக்கும் என்ற சந்தேகம் வரும்.

அவரிடம் போய்வந்த மாணவர்கள் சொல்லும் ஒரு விவரம் உண்டு. யார் வந்தாலும் ஆசனம் பற்றிப் பேசுமுன் அவர் கையை நீட்டி, வந்தவரின் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்ப்பார்.